பழைய ஃப்ளாட்டு, மொட்டமாடி சூடு, கரண்ட் பில்லு: வாசகர் கேள்வி பதில்

கத்திரி முடிஞ்ச கையோட வந்த லெட்டர்ல பாதிக்கு மேல வடசென்னைலருந்துதான், அதுலயும் பழைய அப்பார்ட்மெண்ட்ல இருக்கறவங்க எழுதினது. 80கள்லயும் 90கள்லயும் கட்டின ஆறு வீடு எட்டு வீடு பில்டிங்கு, லிஃப்ட் கிடையாது, மேல அனலு, கீழ மோட்டாரு, ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா பில்லப் பாத்து நெஞ்சு படபடப்பு. நானும் தண்டையார்பேட்டைல அப்படி ஒரு பில்டிங்லதான் முப்பது வருஷமா இருக்கேன், ஒயரிங் வேலைதான் தொழிலு, அதனால கையால செஞ்சு பாத்ததத்தான் சொல்லப் போறேன்.

அண்ணா, நாங்க ரெண்டாவது மாடி, அதுதான் கடைசி மாடி. 1989ல கட்டின பில்டிங்கு. ராத்திரி பதினோரு மணிக்குக் கூட சீலிங்லருந்து அனல் அடிக்குது, ஃபேன் போட்டா சுடு காத்துதான் வருது. பெட்ரூம்ல ஒரு ஏசி இருக்கு, ஹால்லயும் ஒண்ணு மாட்டிடலாமான்னு வீட்டுக்காரர் கேக்கறாரு. போன பில்லு 520 யூனிட்டு. மாட்டலாமா?
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

இப்போதைக்கு வேணாம்மா. இன்னிக்கு ராத்திரி சாப்ட்டு முடிச்சதும் ஒரு ஸ்டூல் போட்டு ஏறி சீலிங்க உள்ளங்கையால தொட்டுப் பாருங்க, அப்புறம் எறங்கி ரெண்டு ரூமுக்கு நடுவுல இருக்கற சுவத்தத் தொடுங்க. சீலிங்கு அப்பத்தான் எறக்கி வெச்ச இட்லிக் குண்டான் மூடி மாதிரி வெதுவெதுன்னு இருக்கும், சுவரு சும்மா இருக்கும். ராத்திரில உங்கள வாட்டறது வெளிக்காத்து இல்ல, தலைக்கு மேல இருக்கற தளம்தான். நாலஞ்சு இஞ்ச் காங்கிரீட்டு பகல் பூரா வெயில வாங்கி வெச்சுக்கும், அந்த சூடு அடிப்பக்கம் வந்து சேர நாலஞ்சு மணி நேரம் ஆவும், அதனாலதான் மூணு மணி வெயிலு உங்களுக்கு எட்டு மணிக்கு மேல ஒறைக்குது. ஃபேனு அந்த சூட்டத்தான் கீழ தள்ளும். ஏசி போட்டாலும் அது ரூம் காத்தக் குளிர வெக்கறதோட நிக்காது, மேல இருக்கற அந்த தளத்தோடயும் ராத்திரி பூரா மல்லுக்கட்டிக்கிட்டே இருக்கும், அதுக்கும் சேத்துத்தான் நீங்க பில்லு கட்டறீங்க.

ராயபுரம், ஜார்ஜ் டவுன் பக்கம் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு பாத்திருப்பீங்க, தேக்குக் கட்டை மேல சின்னச் செங்கல்ல குத்துக்கல்லா நிறுத்தி, மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடிச்சு, அதுக்கு மேல தட்டோடு. அவ்ளோ கனத்தத் தாண்டி சூடு லேசுல கீழ வராது. ஃப்ளாட்டு கட்ட ஆரம்பிச்சப்ப காங்கிரீட் தளம் வந்துச்சு, சில பில்டர் அதுக்கு மேல ஒழுங்கா செங்கல் ஜல்லி சுண்ணாம்பு போட்டு ஓடு ஒட்டினாங்க, சில பேரு வெறும் சிமெண்ட்ட பூசி உட்டுட்டுப் போயிட்டாங்க. உங்களுது எதுன்னு மேல ஏறிப் பாருங்க, வெறும் சிமெண்ட்டா இருந்தா அதுதான் உங்க முதல் வேலை.

வேலை என்னன்னா வெள்ளை அடிக்கறது, அவ்ளோதான். பழைய சிமெண்ட் தளம் மேல விழற வெயில்ல முக்கால் பங்கு போல உள்ள இழுத்துக்கும், நல்ல வெள்ளை கூல் ரூஃப் பெயிண்ட்டு புதுசா இருக்கறப்ப நூத்துக்கு எண்பது பங்கு திருப்பி அனுப்பிடும். ரூமுக்குள்ள ரெண்டு மூணு டிகிரி கொறையும், கேக்கறப்ப கம்மியாத் தெரியும், ஆனா ராத்திரி தூக்கத்துல அந்த ரெண்டு மூணு டிகிரி என்னன்னு படுத்துப் பாத்தவங்களுக்குத்தான் தெரியும். ஆனா அடிக்கறதுக்கு முன்னாடி பண்ண வேண்டியதுதான் முக்கியம், விரிசல எல்லாம் அடைக்கணும், மழைத் தண்ணி தேங்கற எடத்த மட்டம் பண்ணி பைப்புக்கு வாட்டம் குடுக்கணும், பாசிய கம்பி பிரஷ் போட்டு சொரண்டிக் கழுவி நல்லா காய விடணும். ஈரத்து மேல அடிச்சா முதல் மழைல தோல் உரிஞ்சு வந்துடும், நிறைய பேரு பெயிண்ட்டத் திட்டறாங்க, தப்பு பெயிண்ட்டு மேல இல்ல. கைப்பிடிச் சுவரோட உள்பக்கத்தையும் சேத்து அடிங்க. கம்பெனி பேரப் பாத்து வாங்காதீங்க, வெயில எத்தன பங்கு திருப்பி அனுப்புதுன்னு டப்பாவுலயோ அவங்க குடுக்கற பேப்பர்லயோ நம்பர் இருக்கும், அதக் கேட்டு வாங்குங்க.

நம்ம பக்கத்துக்கு மட்டும் இன்னொரு வேலை இருக்கு. எண்ணூர், மணலி பக்கத்துலருந்து வர கரியும் தூசியும் சேந்து ஒரு வருஷத்துல வெள்ளைய சாம்பல் கலராக்கிடும், அப்புறம் அது வெயில இழுக்க ஆரம்பிச்சிடும். அதனால வருஷா வருஷம் மார்ச் மாசம் ஒரு ஞாயித்துக்கெழம தொடப்பம் போட்டுத் தேச்சுக் கழுவி விட்டுடுங்க. அவ்ளோ காசு இல்லன்னா சுண்ணாம்பே அடிக்கலாம், கொஞ்சம் ஃபெவிகால் கலந்து அடிக்கறாங்க, மழைக்கு நிக்காது, வருஷா வருஷம் அடிக்கணும், ஆனா அந்தக் கோடைக்கு நிச்சயமா வேலை செய்யும், அடிக்கறப்ப கண்ணுல படாம பாத்துக்கங்க.

இப்ப அந்த 520 யூனிட்டு. 2024 ஜூலை ரேட்டுப்படி, ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்டுக்குள்ள நின்னா 101லருந்து 200 வரைக்கும் ரேட்டு கம்மி, 500 தாண்டின உடனே அந்த சலுகை போயிடும், தாண்டின யூனிட்டுக்கு ரேட்டும் ஏறிடும். அதனால 500க்கும் 510க்கும் பத்து யூனிட்டுதான் வித்தியாசம், பில்லுல முந்நூறு ரூபாய்க்கு மேல வித்தியாசம். நீங்க தாண்டினது இருவது யூனிட்டுதான். தளத்துக்கு வெள்ளை அடிச்சுட்டு, இருக்கற ஏசிய 26ல வெச்சு கூடவே ஃபேன மெதுவா ஓட விடுங்க, ஒரு டிகிரி ஏத்தினா 6 சதவீதம் போல கரண்ட் மிச்சம்னு மத்திய அரசோட எரிசக்தி சிக்கன அமைப்பே சொல்லுது. இந்த ரெண்டுலயே 500க்குள்ள வந்துடுவீங்க. மேக்கால ஜன்னல் இருந்தா உள்ள கனமா ஸ்கிரீன் போடறத விட வெளிய மூங்கில் தட்டி கட்டறது நல்லது, சூடு கண்ணாடியத் தாண்டி உள்ள வந்தப்புறம் தடுத்து என்ன பிரயோஜனம். ஜன்னலுக்கு கொசுவலை அடிச்சுட்டா வெளிக்காத்த ராத்திரி பூரா உள்ள விடலாம்.

மொட்டமாடி எல்லாருக்கும் பொது, செலவ நாங்க மட்டும் ஏன் ஏத்துக்கணும்னு அடுத்து கேப்பீங்க, நியாயம்தான், கடைசிக் கேள்வில அதத்தான் சொல்லியிருக்கேன்.

சார், எட்டு வீடு இருக்கற எங்க அப்பார்ட்மெண்ட்ல காமன் இபி பில்லு மட்டும் ஏறிக்கிட்டே போவுது. மோட்டாரும் மாடிப்படி லைட்டும் தவிர ஒண்ணும் கிடையாது. மீட்டர்ல கோளாறா?
– அசோசியேஷன் செக்ரட்டரி, தண்டையார்பேட்டை

மீட்டர சந்தேகப்படறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாருங்க சார்.

ஒண்ணு ரேட்டு. அப்பார்ட்மெண்ட் பொதுப் பயன்பாட்டுக்கு 2022 செப்டம்பர்லருந்து தனி ரேட்டு வந்துச்சு, யூனிட்டுக்கு 8 ரூபா, இதுல நூறு யூனிட் இலவசம் எல்லாம் கிடையாது. சின்ன பில்டிங்காரங்க எல்லாம் கொரல் குடுத்ததுல 2023 அக்டோபர்ல, பத்து வீட்டுக்குள்ள, மூணு மாடிக்குள்ள, லிஃப்ட் இல்லாத பில்டிங்குக்கு அப்ப 8 ரூபா 15 பைசாவா ஏறியிருந்தத 5 ரூபா 50 பைசாவா கொறச்சாங்க. மூணு மாடிக்குள்ளன்னா உங்க பில்டிங்கும் அதுல வருது. ஆனா இபில உங்க பில்டிங்க எந்த வகைல எழுதி வெச்சிருக்காங்கன்னு பில்லுல டாரிஃப்னு போட்டிருக்கற எடத்துல பாருங்க, பழைய வகைலயே இருந்தா செக்ஷன் ஆபீஸ்ல போயி எழுதிக் குடுங்க. எனக்குத் தெரிஞ்சு ஒரு ஆறு வீட்டுக்காரங்க ஒரு வருஷத்துக்கு மேல தெரியாமலே அதிகமா கட்டிக்கிட்டு இருந்தாங்க.

ரெண்டாவது மோட்டாரு. ஒரு ஹெச்பி மோட்டாரு ஒரு மணி நேரம் ஓடினா ஒரு யூனிட்டு போல இழுக்கும். கேள்வி என்னன்னா அது எத்தன மணி நேரம் ஓடுது. எங்க பில்டிங்ல யாரும் இத கவனிச்சதே இல்ல, வாட்ச்மேன் காலைல போடுவாரு, மேல தண்ணி வழியற சத்தம் கேட்டா நிறுத்துவாரு. ஒரு நாள் மோட்டார் ரூம் சுவத்துல சாக்பீஸ்ல போட்ட டைமு, நிறுத்தின டைமுன்னு எழுத ஆரம்பிச்சோம். ரெண்டாயிரம் லிட்டர் டேங்கு ரொம்பறதுக்கு ஒண்ணே முக்கா மணி நேரம் ஆவுது. மோட்டாரு போயிடுச்சு, புதுசு வாங்கணும்னு நாலு பேரு சொன்னாங்க. பிளம்பர் வந்து மேல போற பழைய ஜிஐ இரும்பு பைப்ப ஒரு அடி வெட்டி எடுத்து கைல குடுத்தாரு பாருங்க, வெளிய ஒண்ணே கால் இஞ்ச் பைப்பு, உள்ள துரு அடுக்கடுக்கா ஏறி சுண்டு விரல் நுழையற அளவு ஓட்டைதான் பாக்கி. நம்ம பக்கத்து உப்புத் தண்ணிக்கு முப்பது வருஷத்துல அப்படித்தான் ஆவும். பைப்ப பிளாஸ்டிக்கா மாத்தி, தண்ணி இழுக்கற பைப்போட அடில ஒழுகிக்கிட்டு இருந்த ஃபுட் வால்வயும் மாத்தினோம், அதே மோட்டாரு, அதே டேங்கு, அம்பது நிமிஷத்துல ரொம்புது.

அதனால மொதல்ல ஒரு வாரம் டைம எழுதுங்க. எட்டு வீட்டுக்கு மோட்டாரு மூணு மணி நேரம் நாலு மணி நேரம் ஓடுதுன்னா பைப்பு, வால்வு, இல்ல யார் வீட்டு ஃபிளஷ் டேங்காவது ஒழுகுது. ஃபிளஷ் டேங்குல தண்ணி சத்தமில்லாம போயிக்கிட்டே இருக்கும், அதுவும் மோட்டார் ஏத்தின தண்ணிதான். டேங்கு ரொம்பினதும் மோட்டார தானா நிறுத்தற ஃப்ளோட் சுவிட்ச் ஒண்ணு போட்டுட்டா வழியறதும் நிக்கும். மாடிப்படிக்கு எல்இடி போட்டு ஆள் வந்தா எரியற சென்சார் வெச்சுடுங்க, அது சின்னச் செலவு.

அண்ணே, ஏசி போட்டதுலருந்து அடிக்கடி ட்ரிப் ஆவுது, எலக்ட்ரீசியன் பெரிய எம்சிபி மாத்தினா சரியாயிடும்னு சொல்றாரு. 1985 பில்டிங்கு, ஒயரிங் மாத்தினதே இல்ல.
– வாசகர், வியாசர்பாடி

தயவு செஞ்சு அத மட்டும் பண்ணிடாதீங்க தம்பி. எம்சிபிங்கறது லோடு தாண்டினா தானா அணையற சுவிட்சு, அது உங்க ஏசியக் காப்பாத்தறதுக்கு இல்ல, சுவத்துக்குள்ள போற ஒயரக் காப்பாத்தறதுக்கு. சின்ன ஒயருக்குப் பெரிய எம்சிபி போட்டா என்ன ஆவும்னா ட்ரிப் ஆவாது, ஒயரு சுவத்துக்குள்ளயே காயும். பழைய ஃபீஸ் கட்டைல கம்பிய ரெண்டு மடங்கா முறுக்கிப் போட்டாங்களே, அதே தப்புதான் இதுவும்.

1985ல ஒயரிங் பண்ணவங்க ரெண்டு ஃபேனு, நாலு லைட்டு, ஒரு டிவிய நெனச்சுப் பண்ணாங்க. போன மாசம் கூட ஒரு வீட்ல ஏசி பிளக்க உருவினேன், பின்னு ரெண்டும் கருகியிருந்துச்சு, சாக்கெட்டு ஓரம் பழுப்பாயி உருகி வளைஞ்சிருந்துச்சு, வீட்டுக்காரம்மா மீன் வறுத்த வாசன இன்னும் போவலன்னு நெனச்சுக்கிட்டு இருந்தாங்களாம், பிளாஸ்டிக் காயற வாசன அது. உங்க வீட்லயும் சாக்கெட் கலரு மாறியிருக்கா, சுவிட்ச் போர்டு சூடா இருக்கா, லைட்டு மினுக்குதான்னு பாருங்க, எது இருந்தாலும் அந்த லைன இன்னிக்கே நிறுத்திடுங்க.

மொத்த ஒயரிங்கையும் ஒரே நேரத்துல மாத்த முடியலன்னா, ஏசிக்கும் கீசருக்கும் மட்டும், எல்லா லைனும் பிரியற டிபி பாக்ஸ்லருந்து தனித்தனியா 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒயர் இழுத்து தனி எம்சிபி போடுங்க. அதோட மெயின்ல 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒண்ணு கட்டாயம், கரண்ட் லீக் ஆனா கண் சிமிட்டற நேரத்துல கட் பண்ணிடும், உசுரு சம்பந்தப்பட்டது. எர்த்தும் பாக்கணும், பழைய பில்டிங்ல எர்த் பைப்பு உப்புல அரிச்சு ஒண்ணுமே இல்லாம போயிருக்கும், மேல மூடி மட்டும் இருக்கும்.

இன்னொண்ணு, ஏசி அவுட்டோர் யூனிட்ட பில்டிங் நடுவுல வானம் தெரிய விட்டிருக்கற சின்ன சந்துல, அதான் ஓடிஎஸ்ல, மாட்டாதீங்க. நாலு வீட்டு யூனிட்டும் ஒண்ண ஒண்ணு பாத்து சுடு காத்த ஊதிக்கிட்டு இருந்தா எதுவும் குளிராது, நாலு பேரு பில்லும் ஏறும்.

பிஎல்டிசி ஃபேனு நிஜமாவே மிச்சம் பண்ணுமா, விக்கறதுக்காக சொல்றாங்களா?
– வாசகி, கொளத்தூர்

நிஜம்தான்மா. பிஎல்டிசின்னா கரண்ட் கம்மியா இழுக்கற புது வகை மோட்டாரு. பழைய ஃபேனு 75 வாட்டு இழுக்கும், இது 30 வாட்டு. ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடற ஃபேனுக்கு ரெண்டு மாசத்துல 40 யூனிட்டு கொறையும், மூணு ஃபேன்னா 120. நம்ம ஊருல வருஷத்துல பத்து மாசம் ஃபேன் ஓடும், ரெண்டு மூணு வருஷத்துல போட்ட காசு வந்துடும், பில்லு 500 பக்கம் நிக்கற வீடுன்னா அதுக்கு முன்னாடியே வந்துடும். எல்லாத்தையும் ஒண்ணா மாத்த வேணாம், அதிகமா ஓடற பெட்ரூம் ஃபேன மொதல்ல மாத்துங்க. பழைய சோக் வெச்ச டியூப் லைட்டு இன்னும் இருந்தா அதையும் எடுத்துடுங்க, சோக்கோட சேத்து அது 50 வாட்டுக்கு மேல, எல்இடி 20 வாட்டு.

தம்பி, எனக்கு 63 வயசு. மகள் ஜெர்மனில பழைய அப்பார்ட்மெண்ட் ஒண்ணுல வாடகைக்கு இருக்கா. டிசம்பர்ல பேரனப் பாக்கப் போறேன். போன தடவ போனப்ப ஒரு ரூம் சுட்டுச்சு, இன்னொண்ணு ஐஸ் மாதிரி. ஹீட்டர் மேல துணி காயப் போட்டேன்னு மகள் கோவிச்சுக்கிட்டா. சுவரெல்லாம் கருப்பா பூசணம் வேற. ஹீட்டிங் பில்லு ரொம்ப வருதுன்னு பொலம்பறா. ஏதாவது சொல்லேன்.
– வாசகி, பெரம்பூர்

நம்ம வேலைக்கு அப்படியே நேரெதிர் வேலைம்மா இது, ஆனா கணக்கு ஒண்ணுதான். அங்க பழைய பில்டிங்ல கீழ பேஸ்மெண்ட்ல ஒரு பெரிய பாய்லர் இருக்கும், சுடுதண்ணி பைப்புல மேல ஏறி ஒவ்வொரு ரூம் ரேடியேட்டர்லயும் சுத்திட்டு திரும்பி வரும். பாய்லருக்குப் பக்கத்துல இருக்கறதுக்கு தண்ணி அதிகமாப் போயிடும், கடைசில இருக்கறதுக்குப் போவாது, நம்ம தெருவுல குழாயடிக்கு கிட்ட இருக்கற வீட்டுக்கு மட்டும் தண்ணி வேகமா வர மாதிரிதான். ஒவ்வொரு ரேடியேட்டருக்கும் இவ்ளோ தண்ணின்னு அளந்து வால்வு திருப்பி வெக்கற வேலை ஒண்ணு இருக்கு, அத வீட்டு ஓனரு ஆள் வெச்சுப் பண்ணணும், மகள எழுதிக் கேக்கச் சொல்லுங்க.

நீங்களே பண்ணக் கூடியது, ரேடியேட்டரு மேல் பாதி சில்லுன்னு, கீழ் பாதி சூடா இருந்தா உள்ள காத்து மாட்டியிருக்குன்னு அர்த்தம். ஓரத்துல சின்ன ஸ்குரூ இருக்கும், சாவி போட்டு லேசாத் திருப்பினா புஸ்ஸுன்னு காத்து போயி தண்ணி சொட்டும், உடனே மூடிடணும். வால்வுல 1லருந்து 5 வரைக்கும் நம்பர் இருக்கும், 3ன்னா 20 டிகிரி போல. சீக்கிரம் சூடாவட்டும்னு 5ல வெக்காதீங்க, சீக்கிரம் ஆவாது, அதிகமாத்தான் ஆவும்.

துணி விஷயத்துல மகள் சொன்னது சரி. துணி போட்டா சூடு ரூமுக்கு வராது, துணில இருக்கற ஈரம் காத்துல கலந்து எங்க சுவரு சில்லுன்னு இருக்கோ அங்க போயி படியும், அந்தக் கருப்புப் பூசணம் அதுதான், கொழந்த இருக்கற வீட்ல மூச்சுக்கு நல்லதில்ல. ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவ எல்லா ஜன்னலையும் முழுசா தொறந்து அஞ்சு பத்து நிமிஷம் விட்டு மூடணும், அந்த நேரம் ஹீட்டிங்க கொறச்சுடணும், குளிருதேன்னு பயப்படாதீங்க, ஈரம் போயிடும், சுவத்துல இருக்கற சூடு போவாது. ஜன்னல நாள் பூரா லேசா சாய்ச்சு வெக்கறதுதான் தப்பு. பீரோவ வெளிச்சுவத்த ஒட்டிப் போடாம ஒரு ஜான் தள்ளிப் போடுங்க.

பில்லு பத்தி, அங்க பொது பாய்லர் பில்டிங்ல பொதுவா செலவுல 50லருந்து 70 சதவீதம்தான் அவங்கவங்க உபயோகத்த வெச்சுப் பிரிப்பாங்க, மீதி வீட்டு அளவ வெச்சு. அதனால மகள் எவ்ளோ சிக்கனமா இருந்தாலும் பில்டிங்கு ஒழுங்கா இல்லன்னா முழுசா கொறையாது. கூரைக்கும் வெளிச்சுவத்துக்கும் கனமா போர்வை போத்தற மாதிரி இன்சுலேஷன் போடறதுதான் அங்க பெரிய வேலை. 2024ல வந்த சட்டத்துல, படிப்படியா, புதுசா வெக்கற ஹீட்டிங்ல 65 சதவீதம் புதுப்பிக்கக் கூடிய எரிசக்தியா இருக்கணும்னு கொண்டு வந்தாங்க, அதெல்லாம் ஓனருங்க சேந்து எடுக்கற முடிவு.

மார்கழிக்கு கீசர் வாங்கலாம்னு இருக்கேன். 25 லிட்டரா, 3 லிட்டரா?
– வாசகர், திருவொற்றியூர்

நம்ம ஊரு குளிருக்கு 25 லிட்டர் தேவையே இல்ல சார். ஒரு பக்கெட்டு தண்ணிய குளிக்கற சூட்டுக்குக் கொண்டு வர அரை யூனிட்டு கூட ஆவாது, ஆனா பெரிய டேங்க ஆன் பண்ணிட்டு மறந்துட்டா சூடு ஆறி ஆறி திரும்ப ஏத்திக்கிட்டே இருக்கும். மூணு பேரு இருக்கற வீட்டுக்கு 10 லிட்டர் போதும், சூட்ட 50ல வெச்சுடுங்க. போர் தண்ணிய கீசருக்குக் குடுக்காதீங்க, காயில் மேல உப்பு கெட்டியா படிஞ்சு அதுவே சூட்டத் தடுக்கும், மெட்ரோ வாட்டர் லைன் கிடைச்சா அதுல குடுங்க, ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா தொறந்து சொரண்டி விடுங்க.

மொட்டமாடில சோலார் போடலாம்னு அசோசியேஷன்ல பேச்சு. ஆறு வீடு, 1200 சதுர அடி மாடி. எங்க பில்டிங்குக்கு ஒத்து வருமா?
– வாசகர், ராயபுரம்

எடம் இருக்கு. ஒரு கிலோவாட்டுக்கு 100 சதுர அடி போல வேணும், நாளைக்கு 4 யூனிட்டு போல குடுக்கும். 2024 பிப்ரவரில ஆரம்பிச்ச பிரதமர் சூர்ய கர் திட்டத்துல தனி வீட்டுக்கு 3 கிலோவாட்டோ அதுக்கு மேலயோ போட்டா 78 ஆயிரம் மானியம், ஆனா உங்கள மாதிரி அசோசியேஷன் பொது மீட்டருக்குப் போட்டா கிலோவாட்டுக்கு 18 ஆயிரம். ஏமாத்தறவங்க 78 ஆயிரம் வரும்னு சொல்லி கையெழுத்து வாங்கப் பாப்பாங்க, அந்த நம்பர் வேற இந்த நம்பர் வேற. பொது மீட்டருக்கு 2 கிலோவாட்டே போதும் உங்களுக்கு. ஏழு எட்டு அடி ஒசரத்துல ஸ்டாண்டு போட்டா கீழ துணி காயப் போடலாம், வடாம் போட வெயிலும் பாக்கி இருக்கும், பேனல் நிழல் விழற எடத்துல தளத்து சூடும் கொறையும்.

ஆனா ராயபுரம்னு எழுதினதால ரெண்டு வார்த்த. கடல் பக்கத்துல பெயிண்ட் அடிச்ச இரும்பு ஸ்டாண்டு நாலு வருஷம் தாங்காது, கால்வனைஸ் பண்ணதுதான் போடணும், 2016 டிசம்பர்ல வர்தா புயல் வந்தப்ப காத்து என்ன பண்ணுச்சுன்னு நமக்குத் தெரியும், போல்ட்டு எப்படி எறக்கறாங்கன்னு கூட நின்னு பாருங்க. அதுக்கும் முன்னாடி கடைசி மாடி சீலிங்லயும் பீம்லயும் காரை பேந்து கம்பி தெரியுதான்னு பாருங்க. தெரிஞ்சா ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரக் கூட்டிட்டு வந்து காட்டி ரிப்பேர் பண்ணாம மேல ஒரு செங்கல் கூட ஏத்தாதீங்க, சோலார் காத்திருக்கட்டும்.

நான் கிரவுண்ட் ஃப்ளோர்ல இருக்கேன். மேல் மாடிக்காரங்களுக்கு சூடா இருக்குன்னு மொட்டமாடிக்கு பெயிண்ட் அடிக்க எங்கிட்டயும் காசு கேக்கறாங்க. எனக்கு ஒரு சூடும் இல்ல. நான் எதுக்குக் குடுக்கணும்?
– வாசகர், கொருக்குப்பேட்டை

இந்தக் கேள்விய எங்க பில்டிங் மீட்டிங்லயே எங்கிட்ட எத்தனையோ தடவ கேட்டுட்டாங்க சார், கோவமே இல்லாம பதில் சொல்றேன்.

சட்டப்படி மொட்டமாடி எல்லாருக்கும் பொது, பொது எடத்துச் செலவ அவங்கவங்க பங்குப்படி எல்லா ஓனரும் ஏத்துக்கணும், தமிழ்நாடு அடுக்குமாடி குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022 அதத்தான் சொல்லுது. மேல விரிசல் விட்டு எறங்கற தண்ணி மேல் வீட்டோட நிக்காது, உள்ள இருக்கற கம்பியத் துருப்பிடிக்க வெச்சா அது மொத்த பில்டிங்குக்கும் கேடு. ஆனா சட்டத்தக் காட்டி காசு வாங்கின பில்டிங்ல அடுத்த வேலை நடந்து நான் பாத்ததில்ல.

அதனால உங்க கஷ்டத்தையும் மேசை மேல வைங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப உங்க தெருவுல எத்தன அடி தண்ணி நின்னுச்சு, உங்க மீட்டர் போர்டு தரைலருந்து எத்தன அடி ஒசரம்? கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் பாதி பில்டிங்ல மீட்டரும் மோட்டார் ஸ்டார்ட்டரும் இடுப்பு ஒசரத்துலதான் இருக்கு, தண்ணி வந்தா மொத்த பில்டிங்கும் இருட்டு, கால் வெக்கறதுக்கே பயம், மொதல்ல அதுக்குள்ள நிக்கறது நீங்க. அந்த போர்ட வெள்ளத் தண்ணி நின்ன ஒசரத்துக்கு மேல ஏத்தறதுக்கு இபி செக்ஷன் ஆபீஸ்ல எழுதிக் குடுத்து பர்மிஷன் வாங்கணும், அவங்க சீல் இருக்கறதால நம்மளா தொடக் கூடாது.

எங்க பில்டிங்ல கடைசில இப்படித்தான் முடிஞ்சுது. மொட்டமாடி வெள்ளை, மோட்டார் பைப்பு, மீட்டர் போர்ட ஏத்தறது, மூணையும் ஒரே எஸ்டிமேட்டா போட்டு எட்டால வகுத்தோம். மேல இருக்கறவங்களுக்கு தூக்கம், நடுவுல இருக்கறவங்களுக்கு தண்ணி சீக்கிரம் ஏறுது, கீழ இருக்கற ரெண்டு வீட்டுக்கு மழைக்காலத்துல பயம் இல்ல. அதுவரைக்கும் மூணு வருஷமா கையெழுத்துப் போடாத கிரவுண்ட் ஃப்ளோர் பெரியவரு அன்னிக்கு மொதல்ல போட்டாரு. நீங்களும் அடுத்த மீட்டிங்ல காசு குடுக்க மாட்டேன்னு சொல்லாம, போர்டையும் சேத்தா குடுக்கறேன்னு சொல்லிப் பாருங்க. போர்டு வேலைய செப்டம்பருக்குள்ள முடிச்சுடுங்க, மொட்டமாடி வேலைய மழை நின்னு தளம் நல்லா காஞ்சதும், பொங்கலுக்கு அப்புறம் வெச்சுக்கங்க.